ஃப்ரிட்ஜ் கதவில் நிற்கும் பைக்

அன்பும் மரியாதையும் நிறைந்த அண்ணிக்கு,

இந்த நேரத்தில் உட்கார்ந்து எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். மணி பன்னிரண்டே முக்கால். எப்போது எழுதினால் என்ன, கடிதம் பகலில்தானே கைக்கு வரும் என்று நினைப்பீர்கள். ஆனால் நடுராத்திரியில் எழுதியது படிக்கும்போதே தெரிந்துவிடும் என்று நீங்களே ஒருமுறை சொல்லியிருக்கிறீர்கள். எழுத்து கோணலாக இருந்தால் அதற்குப் பயம் மட்டும் காரணம் இல்லை. பட்டாணிக் குழந்தை என் இடது தோளில் தூங்குகிறாள். கீழே விட்டால் விழித்துக்கொள்வாள். தாளைப் பிடிக்கக் கை இல்லாமல் சர்க்கரை டப்பாவைத் தூக்கி மேலே வைத்திருக்கிறேன். எங்காவது வட்டமாகக் கறை தெரிந்தால் அது கண்ணீர் என்று கலங்கிவிடாதீர்கள், டப்பா.

நீங்களும் அண்ணனும் பிள்ளைகளும் சுகம்தானே? உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? இங்கு எல்லோரும் சுகம். இது போன திங்கட்கிழமை ராத்திரிச் சாப்பாடு வரைக்குமான நிலவரம். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் எழுத வந்தேன்.

திங்கட்கிழமை உங்கள் தம்பி சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, ஈரக் கையைத் துடைக்காமலேயே ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாளை ஒட்டினார். நடுவில் ஸ்கேல் வைத்து ஒரு கோடு. இடது பக்கம் ‘நல்லது’, வலது பக்கம் ‘கெட்டது’. இந்த வழக்கத்தை இந்தக் குடும்பத்தில் ஏற்படுத்தியவர் நீங்கள். உங்கள் சட்டத்தை உங்களுக்கே சொல்லக் கூடாதுதான். ஆனால் இந்த ஒரு வாரமாக அதை வைத்து உங்கள் தம்பி என்னோடு வாதாடிய வாதத்தில் எனக்கு அது மனப்பாடமாகிவிட்டது. ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் எது வாங்கினாலும் ஏழு நாள் தாள் ஒட்ட வேண்டும். வீட்டில் இருப்பவர்கள் ஆளுக்கு ஏழு வரி எழுதலாம். வீட்டுக்கு வந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தவர் யாராக இருந்தாலும் ஒரு வரி எழுதலாம். எழுதியதை அடிக்கக் கூடாது, அழிக்கக் கூடாது. எட்டாம் நாள் காலையில் எண்ண வேண்டும். எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம். இரண்டும் சமமாக இருந்தால் நீங்கள் சொல்வதுதான் தீர்ப்பு, அதுவும் போனில் செல்லாது, கையெழுத்துப் போட்ட கடிதமாக வர வேண்டும். வாஷிங் மெஷினை இப்படித்தான் வாங்கினோம். நானும் தலையாட்டிக்கொண்டு என்னங்க இந்தத் தடவை என்று எட்டிப் பார்த்தேன். மேலே தலைப்பில் ‘பைக்’ என்று இருந்தது.

நான் சந்தோஷப்பட்டேன் அண்ணி, இதை மறைக்க மாட்டேன். அவருடைய ஸ்கூட்டர் இப்போது முப்பதுக்கு மேல் போனால் இருமுகிறது. சரி, நல்ல மைலேஜ் கொடுக்கிற, முன்னால் பை மாட்ட ஒரு கொக்கி வைத்த வண்டியாக இருக்கும் என்று நினைத்தேன். “எந்த வண்டிங்க?” என்றேன். பையிலிருந்து வழவழப்பான ஒரு புத்தகத்தை எடுத்து நடுப்பக்கத்தைப் பிரித்தார்.

அது வண்டி இல்லை அண்ணி. பாயப்போகிற ஒரு மிருகத்துக்கு யாரோ சிவப்புப் பெயின்ட் அடித்து நிறுத்தியிருந்தார்கள். எஞ்சின் தொள்ளாயிரத்துச் சொச்சம் சிசி. நின்ற இடத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட மூன்று விநாடி. ஓட்டுகிறவர் டேங்க் மேல் குப்புறப் படுத்துக்கொள்ள வேண்டும். பின்னால் சீட் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள், சோப்பு டப்பாவின் மூடி அளவுக்கு. கையில் இருந்த ஸ்பூன் கீழே விழுந்து, பட்டாணி அதை எடுத்து மறுபடியும் என் கையில் கொடுத்து, அதுவும் விழுந்தது.

யார் கேட்கிறார் என்று பாருங்கள். உங்கள் தம்பி லிஃப்ட் பரிசோதகர். பதினோரு வருடமாக ஊரில் உள்ள லிஃப்டுகளில் எல்லாம் ‘பழுது, ஏறாதீர்கள்’ என்று சீட்டு ஒட்டிச் சம்பளம் வாங்குபவர். நாங்கள் இருப்பது நாலாவது மாடி, கட்டிடத்தில் லிஃப்ட் இருக்கிறது, இவர் படியில் ஏறி வருகிறார். ஏன் என்று கேட்டால், “உள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும்மா” என்கிறார். பட்டாணியின் தொட்டிலைக் கொக்கியில் மாட்டுவதற்கு முன் அதில் இருபது கிலோ அரிசி மூட்டையைப் போட்டு ஒரு ராத்திரி முழுக்க ஆடவிட்ட மனிதர். பால்கனியில் நின்று போன் பேசினால் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொள்பவர். அவர் மூன்று விநாடியில் நூறு!

நான் இயற்பியல் படித்தவள் என்பது உங்களுக்குத் தெரியும். கல்லூரிக்கு மூன்று வருடம் அப்பாவின் மோட்டார் சைக்கிளை நானே ஓட்டிக்கொண்டு போனவள் என்பதும் தெரியும். அதனால் சும்மா பயப்படுகிறேன் என்று நினைக்காதீர்கள், கணக்குப் போட்டுப் பயப்படுகிறேன். வேகம் இரண்டு மடங்கு ஆனால் மோதுகிற ஆற்றல் நாலு மடங்கு ஆகும். மூன்று மடங்கு ஆனால் ஒன்பது. இதைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்து, “பார்த்தியா, நீ படிச்சது இப்பதான் வீட்டுக்கு உபயோகமாகுது” என்றார். அன்றைக்கே ‘கெட்டது’ பக்கத்தில் முதல் வரியாக ‘உயிர்’ என்று எழுதினேன். “ஒத்த வார்த்தை செல்லாது, வரியா எழுதணும், அக்கா சட்டம்” என்றார். ‘உயிர் போய்விடும்’ என்று எழுதினேன். அவர் நிதானமாகப் பேனாவைத் திறந்து ‘நல்லது’ பக்கத்தில், ‘டேங்கின் வளைவு அழகாக இருக்கிறது’ என்று எழுதினார். என் வரிக்கு நேர் எதிரே. உயிர் ஒரு வரி, டேங்க் ஒரு வரி. உங்கள் சட்டத்தில் இரண்டுக்கும் ஒரே எடை அண்ணி, கோபித்துக்கொள்ளாதீர்கள், அதை நீங்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

சரி, வருகிறவர்கள் வாயால் கெடுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, படியில் மூச்சு வாங்க யார் ஏறினாலும், “ஒரு டம்ளர் தண்ணி குடிச்சிட்டுப் போங்க” என்று கூப்பிட ஆரம்பித்தேன். சிலிண்டர் போடுபவர் வந்தார், குடித்தார், தாளைப் படித்தார், ‘படிக்குக் கீழே நிறுத்தினால் சிலிண்டர் உருட்ட வழி இருக்காது’ என்று வலது பக்கம் எழுதினார். அந்த மனிதர் நன்றாக இருக்க வேண்டும். குழாய் ரிப்பேர்க்காரர், திரைச்சீலை தைப்பவர், மூன்றாவது மாடி டீச்சரம்மா எல்லோரும் என் பக்கம். செவ்வாய் மாலைக்குள் எனக்கு ஆறு, அவருக்கு இரண்டு. அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன்.

புதன்கிழமை எதிர் ஃப்ளாட்டுக்காரர் வந்தார். முப்பது வருடம் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்து ஓய்வு பெற்றவர். இவரை விட்டால் வேறு யார் வேண்டும், உடைந்த எலும்பாகவே பார்த்த மனிதர் ஆயிற்றே என்று தண்ணீரோடு நாற்காலியும் போட்டேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளை மேலிருந்து கீழ்வரை படித்துவிட்டு, ‘நல்லது’ பக்கத்தில் எழுதினார்: ‘விழுந்து வந்தவர்களில் ஸ்கூட்டர்காரர்களே அதிகம்.’

“ஐயா, ஊர்ல ஸ்கூட்டர்தான் ஐயா அதிகம்! அதனால விழுறவங்களும் அதிகம்! ஆயிரத்துக்கு எத்தனைன்னு பார்க்கணும்!”

“இருக்கும்மா” என்றார். “ஆனா நான் எடுத்த படத்துல ஸ்கூட்டர்தானே அதிகம்.”

“நீங்க எடுத்த படத்துல வண்டி தெரியுமா ஐயா, எலும்புதானே தெரியும்!”

“எலும்பைப் பார்த்தாலே வண்டி தெரியும்மா” என்று சொல்லி, இன்னொரு டம்ளர் குடித்துவிட்டு, இன்னொரு வரி எழுதலாமா என்று வேறு கேட்டார். ஒருவருக்கு ஒரு வரிதான் என்று துரத்தாத குறையாக அனுப்பினேன்.

அடுத்து இன்சூரன்ஸ் ஏஜென்ட். நானே போன் செய்து வரவழைத்தேன். ஆபத்து என்பதை விற்றுப் பிழைப்பவர், இவர் எழுதும் ஒரு வரி பத்து வரிக்குச் சமம் என்று நம்பினேன். படத்தைப் பார்த்ததும் அவருடைய கண் இரண்டும் விளக்குப் போட்ட மாதிரி ஆயிற்று. ‘நல்லது: குடும்பத்தின் எதிர்காலத்தைப் பற்றிச் சிந்திக்க இதைவிடச் சிறந்த காரணம் கிடைக்காது’ என்று எழுதிவிட்டு, அந்த எதிர்காலத்துக்கான விண்ணப்பப் படிவத்தையும் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். அதில் வாரிசு என்ற இடத்தில் என் பெயருக்கு நேரே பென்சிலால் டிக் போட்டிருந்தார் அண்ணி.

வியாழக்கிழமை என் அம்மா வந்தாள். பெற்ற தாய். மகள் அழுது கண் வீங்கியிருப்பதைப் பார்த்தாள், தண்ணீர் குடித்தாள், புத்தகத்தில் தோல் ஜாக்கெட் போட்டு நிற்கிறவன் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். ‘மாப்பிள்ளை இதைப் போட்டால் எடுப்பாக இருப்பார்’ என்று இடது பக்கம் எழுதினாள். “அம்மா!” என்று கத்தினேன். “என்னடி, உள்ளதைத்தானே எழுதினேன். தொப்பையை இழுத்துப் பிடிச்சுக்கும்” என்றாள். பட்டாணியும் தன் பங்குக்குத் தண்ணீர் குடித்துவிட்டு கிரேயானால் ஒரு கோடு இழுத்தாள். அது ‘கெட்டது’ பக்கத்தில் ஆரம்பித்து ‘நல்லது’ பக்கத்தில் முடிந்தது. குழந்தை கடைசியில் மனம் மாறிவிட்டாள் என்றார் உங்கள் தம்பி. அரைமணி நேரம் சண்டை போட்டு அதைச் செல்லாத ஓட்டாக்கினேன்.

சனிக்கிழமை, “வாங்க வேணாம், சும்மா பார்த்துட்டு வரலாம்” என்று எங்களை ஷோரூமுக்கு அழைத்துப் போனார். ஸ்கூட்டரில்தான், முப்பதில்தான், இருமலோடுதான். அங்கே கண்ணாடித் தரையில் அது நின்றுகொண்டிருந்தது. விற்பனைக்காரர் சிரித்த முகமாக வந்து, “உக்காந்து பாருங்க சார், ஃபீல் தெரியும்” என்றார். உங்கள் தம்பி உட்காரவில்லை. பையிலிருந்து வேலைக்குக் கொண்டுபோகும் டார்ச்சையும் சின்னச் சுத்தியலையும் எடுத்தார். தரையில் மல்லாந்து படுத்து அடியில் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். ஒவ்வொரு போல்டையும் டக் டக்கென்று தட்டிக் காதை வைத்துக் கேட்டார். “இதோட அதிகபட்ச எடை என்ன? ஒன்றேகால் மடங்கு எடை ஏத்திச் சோதிச்ச சான்றிதழ் இருக்கா? பிரேக் வேலை செய்யலைன்னா தானா நிக்கிற ஏற்பாடு எங்க?” என்று கேட்டார். “தானா நிக்காது சார்” என்றார் விற்பனைக்காரர். சிரிப்பு போய்விட்டிருந்தது. “அலாரம்?” “ஹாரன் இருக்கு சார்.” அதைக் குறித்துக்கொண்டார். பழக்க தோஷத்தில் பையில் கையை விட்டு, ‘பழுது, ஏறாதீர்கள்’ சீட்டு ஒன்றை எடுத்துப் பளபளவென்ற டேங்க் மேல் ஒட்டியும் விட்டார். அதை உரிக்க இரண்டு பேர் துணியும் தண்ணீருமாக ஓடி வந்தார்கள். எனக்குத் தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. ஆனால் மனசுக்குள் ஒரு சந்தோஷம், மனுஷன் இன்னும் பழைய மனுஷன்தான், வாங்க மாட்டார் என்று.

அதற்குப் பிறகு ஏறி உட்கார்ந்தார். அவர் கால் தரையைத் தொடவில்லை அண்ணி. நான் அவரைவிட நாலு விரல் உயரம், கல்யாண போட்டோவில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றது உங்கள் யோசனைதான். ஒரு பக்கம் கட்டை விரல் தொட்டால் மறுபக்கம் அந்தரத்தில். அப்படியே ஒரு பக்கமாகச் சாய்ந்து, இறங்காமல் பதினொரு நிமிடம் உட்கார்ந்திருந்தார். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவர் கண் எதிர்ச்சுவரில் இருந்தது. அவர் முகத்தை அப்படி நான் பட்டாணி பிறந்த அன்றைக்குத்தான் பார்த்திருக்கிறேன். வீட்டுக்கு வந்ததும், ‘கால் எட்டவில்லை’ என்று என் ஆறாவது வரியை எழுதினேன். விலை, இடம், முதுகு, சத்தம் எல்லாம் முன்பே எழுதியாயிற்று.

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, ஏழாவது நாள். சாயங்காலம் எண்ணிப் பார்த்தேன். என் பக்கம் பதினான்கு, அவர் பக்கம் பதின்மூன்று. அவருக்குக் கடைசி வரி ஒன்று மிச்சம். பட்டாணியைத் தூங்கவைத்துவிட்டு வந்து பார்த்தால், எழுதிவிட்டு ஃப்ரிட்ஜ் முன்னால் நின்றுகொண்டிருந்தார். படித்தேன். ‘முன்னால் போகும்’ என்று எழுதியிருந்தார்.

“இது என்னங்க, எல்லா வண்டியும் முன்னாலதான் போகும்” என்றேன்.

“ரெண்டு மாசம் முன்னாடி ஒரு நாள் லேட்டா வந்தேனே, ஞாபகம் இருக்கா?”

“மீட்டிங்னு சொன்னீங்க.”

“மீட்டிங் இல்ல. ஏழாவது மாடிக்கும் எட்டாவது மாடிக்கும் நடுவுல மாட்டிக்கிட்டேன். நாலு மணி நேரம். கரண்ட் இல்ல. கீழ வாட்ச்மேனும் இல்ல.”

“ஐயோ! யார் பார்த்த லிஃப்டுங்க அது?”

“நான்தான். முந்தின நாள்தான் ‘நல்ல நிலை’ன்னு சீல் வச்சேன்.”

“ஏன் சொல்லல?”

“நீ பயப்படுவ.” பேனா மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். “இருட்டுல உக்காந்து யோசிச்சேன். பதினோரு வருஷமா நான் போறதெல்லாம் மேலயும் கீழயும்தான். ஒரு தடவையாவது முன்னாடி போகணும்னு தோணிச்சு. அவ்வளவுதான். நீ எழுது, உனக்கு ஒரு வரி இருக்கு.” சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார். இப்போது குறட்டை கேட்கிறது.

பதினான்குக்குப் பதினான்கு. என்னுடைய ஏழாவது வரி மிச்சம் இருக்கிறது. வலது பக்கம் எதையாவது எழுதினால் பதினைந்து, நான் ஜெயித்தேன், காலையில் பால் பாக்கெட் எடுக்கும்போது கதை முடிந்தது. பேனாவை எடுத்துக்கொண்டு மூன்று தடவை ஃப்ரிட்ஜ் வரைக்கும் போனேன். அந்த ‘முன்னால் போகும்’ என்பதற்கு எதிரே எழுதக் கை வரவில்லை. எழுதாமல் விட்டால் சமம், தீர்ப்பு உங்கள் கையில். அதனால்தான் இந்தக் கடிதம். இதை ஓட்டுக் கேட்பது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், தகவல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு ஒரே ஒரு உயிர்தான் இருக்கிறது, எனக்கும் பட்டாணிக்கும் சேர்த்து அந்த ஒன்றுதான். ‘வேண்டாம்’ என்று ஒரே வார்த்தை எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுங்கள். ஒத்த வார்த்தை செல்லாது என்பார், ‘வேண்டாம் தம்பி’ என்று எழுதுங்கள். நான் எழுதி அவர் முகம் சுருங்குவதைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. நீங்கள் தூரத்தில் இருக்கிறீர்கள், அந்த முகம் உங்கள் கண்ணில் படாது.

அண்ணனுக்கு என் வணக்கம். பிள்ளைகள் இருவருக்கும் பட்டாணியின் எச்சில் முத்தங்கள். நீங்கள் எல்லோரும் நோய் நொடி இல்லாமல், கீழே விழாமல், நீண்ட நாள் சுகமாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி

பின்குறிப்பு: கவர் தேடி பீரோவைத் திறந்தேன். மேல் தட்டில் துணிக்கு அடியில் பழுப்பேறிய ஒரு தாள் இருந்தது. நடுவில் ஸ்கேல் கோடு. தலைப்பில் என் பெயர். எனக்கும் ஒரு தாள் ஒட்டியிருந்தீர்களா அண்ணி? இத்தனை நாள் ஒருத்தரும் மூச்சு விடவில்லையே! வலது பக்கத்தில் யாரோ, ‘பெண் மாப்பிள்ளையைவிட உயரம்’ என்று எழுதியிருக்கிறார்கள். அதற்குக் கீழே, ‘எல்லாவற்றுக்கும் பயப்படுகிறாள்.’ அதற்கு நேர் எதிரே இடது பக்கத்தில் அவருடைய கையெழுத்து: ‘எல்லாவற்றுக்கும் பயப்படுகிறாள். வீட்டில் இன்னொருவர் முழித்திருந்தால் நான் கொஞ்சம் தூங்கலாம்.’ ஒன்பதுக்கு ஒன்பது. அடியில் உங்கள் கடிதத்தைப் பின் செய்து வைத்திருக்கிறார்: ‘சமம்தானே, கட்டிக்கொள். உயரத்தால் ஒரு நாள் உபயோகம் வரும்.’

அந்தத் தாளோடு சேர்த்து என் பழைய மோட்டார் சைக்கிள் லைசென்ஸும் கிடைத்தது. இன்னும் இரண்டு வருடம் செல்லும்.

ஒன்றை உங்களிடம் மறைத்துவிட்டேன். சனிக்கிழமை அவர் ஷோரூம் மேனேஜரிடம் அந்தச் சீட்டுக்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில், பட்டாணியை விற்பனைக்காரர் கையில் கொடுத்துவிட்டு நான் ஏறி உட்கார்ந்து பார்த்தேன். என் பாதம் இரண்டும் தரையில் முழுசாகப் பதிந்தது அண்ணி. குதிகால் உட்பட.

இப்போதுதான் எழுந்து போய் என் ஏழாவது வரியை எழுதிவிட்டு வந்தேன். இடது பக்கத்தில். ‘எனக்குக் கால் எட்டுகிறது.’ பதினைந்துக்குப் பதினான்கு. இனி உங்கள் தீர்ப்புக்கு வேலை இல்லை, மேலே எழுதியதை எல்லாம் படிக்காத மாதிரி விட்டுவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும், ஊருக்கு வெளியே நேரான ரோட்டில், பட்டாணியை அம்மாவிடம் விட்டுவிட்டு, நான் சொல்கிற வேகத்தில். ஓட்டப்போவது நான். அந்தச் சோப்பு டப்பா மூடியில் உட்காரப்போவது அவர். முன்னால்தான் போவார், அதில் குறை இருக்காது. ஆனால் இதை அவரிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, நீங்கள்தான் எழுதிச் சொல்ல வேண்டும். தயவுசெய்து சீக்கிரம் பதில் போடுங்கள்.